செக்ரோல் எண் 214: தரவுத்தளத்தின் ஒருமைப்பாட்டுக் கட்டுப்பாடுகள், தொடக்கநிலையாளருக்கு

"கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா இருக்கு" என்ற பதிலை மலையகத்தில் கேட்காதவர்கள் குறைவு. சம்பளத் துண்டில் இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் வேலைப் பதிவு, குறைந்திருந்தாலும், சேமலாப நிதிக் கணக்கில் ஓர் ஆண்டுப் பணத்தைக் காணவில்லை என்றாலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் திரையைப் பார்த்துச் சொல்வது அதைத்தான். கணினியில் ஏறிவிட்ட தரவு சரியாகத்தான் இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். கணினி வந்த பிறகுதான் எல்லாம் குழம்பியது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எந்தத் தரவை ஏற்க வேண்டும், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அந்தக் கணினிக்கு யாராவது சொல்லிவைத்தார்களா என்று இரு தரப்பினரும் கேட்பதில்லை.

அப்படிச் சொல்லிவைக்கும் முறைக்குத்தான் ஒருமைப்பாட்டுக் கட்டுப்பாடு என்று பெயர். 'ஒருமைப்பாடு' என்றதும் சுதந்திர தின உரைகள் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே அந்தச் சொல் தரவு தனக்குள் முரண்படாமல், குறைபடாமல் இருக்கும் நிலையைக் குறிக்கிறது. உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும்போது மாணவர்கள் இதன் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவிப்பதையும், பிறகு அது எதற்கு என்று கேட்டால் விழிப்பதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆகவே அவர்களுக்குத் தெரிந்த இடமான தோட்டத்துச் செக்ரோலில் இருந்தே தொடங்குகிறேன்.

பெரட்டுக் களத்து விதிகள்

செக்ரோல் என்பது, காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் வரவு பதியும் அகலமான ஒரு பேரேடு. இடப்பக்கத்தில் தொழிலாளரின் எண்ணும் பெயரும், வலப்பக்கத்தில் மாதத்தின் 31 நாட்களுக்கு 31 கட்டங்களும் இருக்கும். வேலைக்கு வந்தவருக்கு அன்றைய கட்டத்தில் ஒரு பேர் விழும். பாதியில் போனவருக்கு அரைப்பேர் விழும். இந்தப் பேரேட்டைப் பல ஆண்டுகள் கையாண்ட ஒரு கணக்குப்பிள்ளையின் தலைக்குள், எங்கும் எழுதப்படாத சில விதிகள் இருக்கின்றன. ஒரே எண் இரண்டு ஆட்களுக்கு இருக்கக் கூடாது. ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு இடங்களில் பேர் விழக் கூடாது. செக்ரோலில் பெயரே இல்லாத ஒருவருடைய கொழுந்து, எடை பார்க்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுக்கப்படக் கூடாது. கட்டத்தில் ஒன்றோ அரையோ தவிர வேறெதுவும் வரக் கூடாது.

அவர் விடுமுறையில் போய்ப் புதிதாக ஒருவர் பேனாவைப் பிடிக்கும் நாளில்தான், அந்த விதிகள் பேரேட்டில் இல்லை, ஆளிடம்தான் இருந்தன என்பது தெரியவரும். தாள் எதையும் மறுக்காது. 214ஆம் எண்ணை இருவருக்கு எழுதினாலும் மை ஊறிவிடும்.

தரவுத்தளம் என்பது தரவை ஒழுங்காகச் சேமித்து, கேட்கும்போது எடுத்துத் தரும் மென்பொருளும் அதற்குள் இருக்கும் தரவும் சேர்ந்தது. இன்று பெரும்பாலும் பயன்படுபவை, தரவை அட்டவணைகளாக வைக்கும் வகையைச் சேர்ந்தவை. அட்டவணையில் குறுக்காகச் செல்லும் ஒவ்வொரு வரியும் ஒரு நிரை; அது ஒரு தொழிலாளரையோ ஒரு நாள் எடையையோ குறிக்கும். நெடுக்காக நிற்பது நிரல். அது எண், பெயர், திகதி போன்ற ஒரு தகவல் வகையைக் குறிக்கும். கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருந்த விதிகளை அட்டவணையோடு சேர்த்து எழுதிவைத்து, அவற்றை மீறும் எதையும் அட்டவணைக்குள் விடாதே என்று மென்பொருளிடமே ஒப்படைப்பதுதான் ஒருமைப்பாட்டுக் கட்டுப்பாடு.

தரவை இப்படி அட்டவணைகளாக அமைக்கும் சிந்தனையை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கோட் 1970இல் முன்வைத்தார். ஒரு தரவுத்தளம் உண்மையாகவே இந்த வகையைச் சேர்ந்ததா என்று சோதிக்க 1985இல் அவர் வெளியிட்ட விதிகளுள் பத்தாவது, கட்டுப்பாடுகள் தரவுத்தளத்திலேயே வைக்கப்பட வேண்டும், அதைப் பயன்படுத்தும் செயலிகளுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது என்கிறது. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க விரும்பினால் அந்தப் பத்தாவது விதியை வைத்துக்கொள்ளுங்கள். அதன் காரணத்தைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

எவற்றோடு இதைக் குழப்பக் கூடாது

கடவுச்சொல் போடுவது பாதுகாப்பு. அது யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பிரதி எடுத்து வைப்பது காப்பு. அது தரவு அழிந்தால் மீட்க உதவுகிறது. உள்ளே வர உரிமை பெற்ற ஒருவர், நல்லெண்ணத்தோடு, பிழையான ஒன்றைப் பதிய முயலும்போது தடுப்பது ஒருமைப்பாட்டுக் கட்டுப்பாடு. கள்வனைப் பிடிப்பது அதன் வேலையன்று. பெரும்பாலும் அது தடுப்பது களைத்துப்போன ஓர் எழுதுவினைஞரைத்தான்.

இன்னொரு மயக்கமும் உண்டு. கட்டுப்பாடு இருந்தால் தரவு உண்மையாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. ஒரு நாள் எடை 100 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று விதித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மடுவத்தில் 16.5 என்று நிறுத்ததை ஆபீசில் புள்ளியை விட்டுவிட்டு 165 என்று தட்டினால் தரவுத்தளம் மறுத்துவிடும். வேறொருவரின் 16 கிலோவை 61 என்று இலக்கம் மாற்றித் தட்டினால் மறுப்பில்லாமல் ஏறிவிடும். 61 நடக்கக்கூடிய எண். அது நடக்கவில்லை என்பது தராசின் பக்கத்தில் நின்றவருக்கு மட்டுமே தெரியும். கட்டுப்பாடு நடக்கவே முடியாதவற்றைத் தடுக்கிறது. நடந்ததா இல்லையா என்பது அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

காலியாக விடலாமா?

மிக எளிய கட்டுப்பாடு, ஒரு நிரலைக் காலியாக விடக் கூடாது என்பது. தரவுத்தளத்தில் காலியிடத்துக்குத் தனிப் பெயர் உண்டு. அதை வெற்றுப் பெறுமானம் என்போம். அது பூச்சியத்திலிருந்து வேறுபட்டது. கொழுந்து எடுக்கப் போய் மழையால் ஒன்றும் எடுக்காமல் திரும்பியவரின் எடை பூச்சியம். கவ்வாத்து வெட்ட, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரிக்க, போனவருக்கு எடை என்ற பேச்சே இல்லை. அங்கே வெற்றுப் பெறுமானம் இருப்பதுதான் சரி. ஆகவே எல்லா நிரல்களையும் கட்டாயமாக்குவது கண்டிப்பு போலத் தெரிந்தாலும் அது பிழையான வடிவமைப்பு. கட்டாயம் என்ற இடத்தில் எதையாவது தட்டித்தானே ஆக வேண்டும்? அடையாள அட்டை இல்லாத முதியவர்களுக்கு ஒன்பது பூச்சியங்களும், பிறந்த திகதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1ஆம் திகதியும் வந்து விழுவது இப்படித்தான்.

சாவிகள்: ஆளை அடையாளம் காண்பது

தோட்டத்தின் ஒரே டிவிஷனில் (பிரிவில்) மூன்று லெட்சுமிகள் இருக்கலாம். ஒரே லெட்சுமியும் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும், அடையாள அட்டையில் வேறு மாதிரியும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட செக்ரோலில் இன்னொரு மாதிரியும் இருக்கலாம். தோட்டங்களின் நிர்வாகம் 1970களில் அரசிடமும், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடமும் கைமாறியதை நினைத்துப் பார்த்தால், ஒரு பெயர் எத்தனை கைகளால் எத்தனை விதமாகப் பெயர்த்தெழுதப்பட்டிருக்கக் கூடும் என்பது புரியும். ஆகவே பெயரை வைத்து ஆளைப் பிரித்தறிய முடியாது.

ஓர் அட்டவணையில் ஒரு நிரையை மற்ற எல்லா நிரைகளிலிருந்தும் பிரித்துக் காட்டுவதற்கென்று தெரிவுசெய்யப்பட்ட நிரலுக்கு முதன்மைச் சாவி என்று பெயர். அது காலியாக இருக்க முடியாது. அட்டவணையில் இரண்டு தடவை வரவும் முடியாது. தொழிலாளர் அட்டவணையில் செக்ரோல் எண்ணை முதன்மைச் சாவி என்று அறிவித்தால், 214 ஏற்கெனவே இருக்கும்போது இன்னொரு 214ஐச் சேர்க்கும் முயற்சி உடனே திரும்பி வரும்.

முதன்மைச் சாவியாகத் தெரிவுசெய்யப்படாத ஒரு நிரலையும் திரும்பவரக் கூடாததாக அறிவிக்கலாம். தேசிய அடையாள அட்டை எண் அதற்குப் பொருத்தமானது. இதற்குத் தனித்துவக் கட்டுப்பாடு என்று பெயர். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடையாள அட்டை இல்லாதவருக்கு அந்த இடம் வெற்றாக இருக்கும். இரண்டு வெற்றுப் பெறுமானங்கள் ஒன்றுக்கொன்று சமம் என்று போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தள மென்பொருள்கள் வழக்கமாகக் கருதுவதில்லை. அதனால் அடையாள அட்டை இல்லாத பத்துப் பேரைச் சேர்த்தாலும் தனித்துவம் மீறப்படாது. மைக்ரோசொப்ட்டின் எஸ்கியூஎல் சேர்வரோ இரண்டாவது வெற்றையே மறுத்துவிடும். ஒரே விதி, கருவியைப் பொறுத்து வேறு விதமாக நடந்துகொள்ளும் இத்தகைய இடங்கள் இந்தத் துறையில் இன்னும் சில உண்டு.

அடையாள அட்டையிலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் இருக்கின்றன. ஒருவரிடம் பழைய எண்ணும் அதற்கு நிகரான புதிய எண்ணும் இருந்தால், தரவுத்தளத்தின் கண்ணுக்கு அவை இரண்டும் வேறு வேறு எழுத்துக்கோவைகள். தனித்துவக் கட்டுப்பாடு ஒரே மனிதரை இரண்டு தடவை உள்ளே விட்டுவிடும். எல்லா எண்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே கட்டுப்பாட்டுக்குப் பொருள் வருகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், காலியிடத் தடை ஒரு நிரலுக்குள் மட்டும் பார்க்கிறது. சாவியும் தனித்துவமும் அட்டவணையின் எல்லா நிரைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மூன்றுமே ஓர் அட்டவணைக்கு உள்ளேதான் நிற்கின்றன.

பெறுமானத்தின் எல்லை

நிரலில் வரக்கூடிய பெறுமானங்களுக்கு ஒரு நிபந்தனை விதிப்பது சோதனைக் கட்டுப்பாடு. பேர் என்றால் ஒன்று அல்லது அரை. எடை என்றால் பூச்சியத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விலகிய திகதி சேர்ந்த திகதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. அடையாள அட்டை எண்ணே இதற்கு நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், ஆண்டின் எத்தனையாவது நாளில் அவர் பிறந்தார் என்பதைக் காட்டுகின்றன. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படுகிறது. பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஆணுக்கு அது 032, பெண்ணுக்கு 532. ஆகவே அந்த மூன்று இலக்கங்கள் 1 முதல் 366 வரை, அல்லது 501 முதல் 866 வரை மட்டுமே இருக்க முடியும். 400 என்று வந்தால் அது எவருடைய அட்டையும் ஆகாது. பால் என்று தனி நிரல் இருந்தால், பெண் என்று பதிந்துவிட்டு 032 என்று எழுதுவதையும் இதே வகைக் கட்டுப்பாட்டால் பிடித்துவிடலாம்.

சோதனைக் கட்டுப்பாடுகளைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வது வெற்றுப் பெறுமானம் குறுக்கிடும் இடத்தில்தான். எடை 100 கிலோவுக்கு மேற்படவில்லையா என்று தரவுத்தளம் கேட்கிறது. எடை 18 என்றால் விடை ஆம். 165 என்றால் இல்லை. எடை வெற்றாக இருந்தால்? ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, விடை 'தெரியாது'. சோதனைக் கட்டுப்பாடு, விடை தெளிவாக 'இல்லை' என்று வந்தால் மட்டுமே மறுக்கிறது. 'தெரியாது' என்பதை உள்ளே விட்டுவிடுகிறது. எல்லையை விதித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு இருப்பவர், எடையே பதியப்படாத நிரைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருப்பதை மாத முடிவில்தான் காண்பார். வேலை வகை கொழுந்து என்றால் எடை காலியாக இருக்கக் கூடாது என்று இரண்டு நிரல்களையும் இணைத்து எழுதினால்தான் அந்த ஓட்டை அடைபடும்.

எல்லையை எங்கே வைப்பது என்பது மென்பொருளாளர் தனியே முடிவுசெய்யக் கூடாத கேள்வி. கொழுந்து பொங்கும் மாதத்தில் ஒரு நல்ல எடுப்பாளர் தொடக்கூடிய எடையை விடக் குறைவாக எல்லையை வைத்துவிட்டால், எழுதுவினைஞர் என்ன செய்வார்? மிஞ்சிய கிலோவை அடுத்த நாளில் போட்டுக் கணக்கை ஒப்பேற்றுவார். மிக இறுக்கமான விதி பொய்யைத் தடுப்பதற்குப் பதிலாக அதைக் கட்டாயமாக்கிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, அலுவலகத்தில் இருந்தபடி விதிகளை அடுக்குபவர்கள் ஒரு நாளாவது மடுவத்துக்குப் போய் நின்றுவிட்டு வர வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு அட்டவணைகளுக்கு இடையே ஒரு கயிறு

தொழிலாளர் விபரம் ஓர் அட்டவணையிலும், அன்றாட எடை இன்னோர் அட்டவணையிலும் இருக்கின்றன. எடை அட்டவணையில் பெயரோ முகவரியோ இல்லை. 214, திகதி, 18 கிலோ என்று மட்டும் இருக்கும். அந்த 214 யார் என்று அறிய வேண்டுமானால் தொழிலாளர் அட்டவணைக்குப் போக வேண்டும். இப்படி, வேறோர் அட்டவணையின் சாவியைச் சுட்டிக்காட்டும் நிரலுக்கு அந்நியச் சாவி என்று பெயர். சுட்டப்படும் எண் அங்கே உண்மையாக இருந்தே ஆக வேண்டும் என்று தரவுத்தளம் வலியுறுத்துவது, செக்ரோலில் இல்லாதவருக்கு மடுவத்தில் எடை இல்லை என்ற பழைய விதியே.

சேர்க்கும்போது சோதிப்பது எளிது. அழிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. 214 வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று தொழிலாளர் அட்டவணையிலிருந்து அவரை நீக்க முயன்றால், அவருடைய பத்தாண்டு எடைகளும் சேமலாப நிதிப் பங்களிப்புகளும் யாரைச் சுட்டும்? தரவுத்தளத்தில் இதற்குச் சில தெரிவுகள் உண்டு. சுட்டும் நிரைகள் இருக்கும்வரை நீக்கவே விடாமல் மறுக்கலாம். நீக்கும்போது சுட்டும் நிரைகள் அனைத்தையும் சேர்த்தே அழிக்கலாம். இது அருவிபோல ஓர் அட்டவணையிலிருந்து அடுத்ததற்கு இறங்கிக்கொண்டே போகும். அல்லது சுட்டும் இடத்தை வெற்றாக்கலாம்; அப்போது எடை இருக்கும், எடுத்தவர் இருக்க மாட்டார்.

பாடநூல்கள் இந்தத் தெரிவுகளைச் சமமாக வரிசைப்படுத்திவிட்டுப் போய்விடுகின்றன. ஒரு மனிதரின் உழைப்பைப் பதியும் அட்டவணைகளில் இரண்டாவது தெரிவை யாரும் தொடக்கூடாது என்று நான் மாணவர்களுக்கு வெளிப்படையாகவே சொல்வதுண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும் மாதந்தோறும் சேர்கின்றன. 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நிதி அது. ஒரே ஒரு நீக்கல் கட்டளை அந்த மாதங்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போவதற்கு இடம் வைக்கக் கூடாது. ஆளை நீக்காமல், விலகிய திகதி என்ற நிரலை நிரப்பி, நிரையை அப்படியே விட்டுவிடுவதுதான் முறை.

இதை நான் வலியுறுத்தக் காரணம் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெரியம்மா ஒருவர். 214 என்பதை அவருடைய எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் இரண்டு ஆண்டுகள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பினார். அதற்குள் தோட்டத்து ஆபீசில் அவருடைய பெயரை வெட்டிவிட்டு, காலியான எண்ணை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். இவர் திரும்பி வந்ததும் புதிய எண் கிடைத்தது. ஐம்பது வயது கடந்து சேமலாபக் காசு எடுக்கப் போனபோது, பழைய எண்ணில் இருந்த ஆண்டுகள் இருவருக்கும் பொதுவாகக் கிடந்தன. "ஐயா, அது என் நம்பருங்க" என்று இவர் சொன்னதும் உண்மை. மற்றவர் சொன்னதும் உண்மை. கோப்பு ஹட்டனுக்கும் தோட்டத்துக்குமாக நடந்தே தேய்ந்தது.

தனித்துவக் கட்டுப்பாடு இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. எந்த ஒரு நாளில் பார்த்தாலும் 214 ஒருவருக்குத்தான் இருந்தது. தனித்துவம் ஒருநாளும் மீறப்படவில்லை. பழைய நிரையை வெட்டிவிட்டதால்தான் எண் காலியானது. நிரை அழியாமல் இருக்க வேண்டும் என்பதை அந்நியச் சாவி காத்திருந்தால், அந்த எண் காலியாகியே இருக்காது. காலியாகாத எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்க முதன்மைச் சாவி விட்டிருக்காது. இரண்டு கட்டுப்பாடுகளும் கைகோத்தால்தான் மூன்றாவது ஒரு விதி, அதாவது ஓர் எண் காலத்துக்கும் ஒருவருக்கே என்பது, தானாக நிற்கிறது.

விதியை எங்கே வைப்பது?

கோட்டின் பத்தாவது விதிக்கு இப்போது வருவோம். பதிவுத் திரையிலேயே சோதித்துவிட்டால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். திரையில் சோதிப்பது நல்லதுதான். பிழையைத் தட்டிய கையிலேயே அது சொல்லிவிடும். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஒரே தரவுத்தளத்துக்குள் ஆபீஸ் கணினியிலிருந்தும், மடுவத்துக் கைபேசிச் செயலியிலிருந்தும், தலைமை அலுவலகம் அனுப்பும் கோப்பிலிருந்தும் தரவு வரலாம். வாசல்கள் மூன்று இருக்கும்போது ஒரு வாசலில் மட்டும் காவல் போட்டு என்ன பயன்?

அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. இரண்டு எழுதுவினைஞர்கள் ஒரே கணத்தில் புதிய தொழிலாளர்களைப் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் திரை, 305ஆம் எண் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கிறது. இல்லை என்று விடை வருகிறது. அவர் பதிவை முடிப்பதற்குள் இரண்டாமவரின் திரையும் அதையே கேட்டு, அதே விடையைப் பெறுகிறது. இருவரும் 305ஐப் பதிகிறார்கள். இரண்டு திரைகளும் சரியாகத்தான் சோதித்தன. சோதனைக்கும் பதிவுக்கும் இடையில் இருந்த அந்த ஒரு விநாடிதான் விதியை விழுங்கிவிட்டது. இதைத் திரையால் தடுக்க முடியாது. எல்லாப் பதிவுகளும் வந்து சேரும் ஒரே இடமான தரவுத்தளத்தால் மட்டுமே தடுக்க முடியும்.

உள்ளே என்ன நடக்கிறது

கட்டுப்பாட்டைச் சொல்வது, அட்டவணையை உருவாக்கும் கட்டளையிலேயே நடக்கிறது. இதற்கான மொழி எஸ்கியூஎல். அதன் தரநிலை 1986இல் வந்தது, சாவிகளையும் சோதனைகளையும் அறிவிக்கும் வசதி 1989இல் சேர்ந்தது. அறிவித்த விதிகளைத் தரவுத்தளம் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு விபரக்கொத்தில் பதிந்துகொள்கிறது. பிறகு ஒவ்வொரு சேர்ப்பின்போதும் திருத்தத்தின்போதும் நீக்கத்தின்போதும் அதைப் புரட்டிப் பார்க்கிறது.

காலியிடத்தையும் சோதனை நிபந்தனையையும் பார்க்க அந்த ஒரு நிரை போதும். தனித்துவத்துக்கு மற்ற எல்லா நிரைகளோடும் ஒப்பிட வேண்டும். ஒவ்வொன்றாகப் புரட்டினால் விடிந்துவிடும். ஆகவே சாவிகளை வரிசைப்படுத்தி, அகராதியின் ஓர எழுத்துகளைப் போலக் கிளை கிளையாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரு சுட்டி கூடவே உருவாக்கப்படுகிறது. பல இலட்சம் எண்கள் இருந்தாலும் மூன்று நான்கு படிகளில் உரிய இடத்தை அடைந்துவிடலாம். 305 வந்து அமர வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு 305 பாதி பதிவில் இருந்தால், இரண்டாமவர் காத்திருக்க வைக்கப்படுகிறார்; முதலாமவர் பதிவை உறுதிசெய்தால் இரண்டாமவருக்கு மறுப்பு, கைவிட்டால் அனுமதி. மேலே சொன்ன அந்த ஒரு விநாடி இங்கே இல்லாமற்போகிறது.

அந்நியச் சாவிக்கும் இதே சுட்டிதான் உதவுகிறது. எடையைப் பதியும்போது 214 இருக்கிறாரா என்று பார்ப்பதோடு நிற்காமல், பதிவு முடியும்வரை அந்த நிரையை வேறு யாரும் நீக்காதபடி தரவுத்தளம் பிடித்து வைத்துக்கொள்கிறது.

சில வேளைகளில் உடனுக்குடன் சோதிப்பதே இடைஞ்சலாகும். ஓர் அறையில் ஒரு குடும்பம் என்ற விதியோடு லயத்து அறைகளின் அட்டவணை இருக்கிறது. 4ஆம் அறையிலுள்ள குடும்பமும் 7ஆம் அறையிலுள்ள குடும்பமும் இடம் மாறச் சம்மதித்துவிட்டன. முதற் குடும்பத்தை 7க்கு மாற்றியவுடனே அங்கே இரண்டு குடும்பங்கள் ஆகிவிடுகின்றன. விதி மீறப்பட்டது என்று கட்டளை திரும்பி வருகிறது. சாமான்களை முற்றத்தில் இறக்கி வைக்காமல் யாராலும் வீடு மாற முடியாது அல்லவா? ஆகவே பல படிகளை ஒன்றாகக் கட்டி, எல்லாம் நடக்க வேண்டும் அல்லது ஒன்றுமே நடக்கக் கூடாது என்று அறிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்குக் கொடுக்கல்வாங்கல் என்று பெயர். போஸ்ட்கிரெஸ் போன்ற சிலவற்றில், கட்டுப்பாட்டை ஒவ்வொரு படியிலும் சோதிக்காமல் கொடுக்கல்வாங்கலின் இறுதியில் சோதிக்குமாறு ஒத்திவைக்கலாம். நடுவில் முற்றம் நிறைந்திருந்தாலும், மாலையில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் இருந்தால் போதும்.

சுருக்கமாக, விதி ஓரிடத்தில் எழுதப்படுகிறது. எந்த வாசலால் வரும் மாற்றமும் அதைத் தாண்டியே உள்ளே போகிறது. எப்போது சோதிப்பது என்பதை மட்டும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எழுதிவைத்தும் இயங்காத விதிகள்

விதியை எழுதினால் அது அமுலாகிறது என்று உறுதியாக இருந்துவிடவும் முடியாது. மைஎஸ்கியூஎல் நீண்ட காலம் சோதனைக் கட்டுப்பாட்டை வாசித்து, பிழை சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, பிறகு பேசாமல் புறக்கணித்துவந்தது. 2019இல் வெளிவந்த 8.0.16ஆம் பதிப்பிலிருந்தே அதை அமுல்படுத்துகிறது. கைபேசிச் செயலிகளில் பரவலாக இருக்கும் எஸ்கியூலைட்டில், அந்நியச் சாவிச் சோதனை வழக்கமாக அணைக்கப்பட்டிருக்கும். தரவுத்தளத்தோடு இணையும் ஒவ்வொரு முறையும் அதை இயக்கிவிட வேண்டும். வகுப்பில் நான் கொடுக்கும் முதற் பயிற்சி, விதியை எழுதிவிட்டு அதை வேண்டுமென்றே மீறிப் பார்ப்பதுதான். மறுப்புச் செய்தி வரவில்லை என்றால் விதி இல்லை.

பல அட்டவணைகளை ஒருங்கே பார்க்கும் விதிகளும் உண்டு. ஒரு டிவிஷனில் நிறுத்த மொத்தக் கொழுந்தும் லொறியில் ஏறிய கொழுந்தும் இவ்வளவுக்கு மேல் வேறுபடக் கூடாது என்பது போன்றவை. இத்தகையவற்றை நேரடியாக அறிவிக்க எஸ்கியூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரநிலை வழிவைத்தபோதும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாவற்றையும் மீண்டும் கூட்டிப் பார்க்கும் செலவுக்கு அஞ்சி, பரவலாகப் பயன்படும் தரவுத்தளங்கள் நெடுங்காலம் அதை அமுல்படுத்தவில்லை. அவற்றுக்குப் பதிலாக, ஒரு மாற்றம் நிகழும்போது தானாக ஓடும் சிறு கட்டளைத் தொகுதிகளை எழுதுகிறார்கள். அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பழைய தரவின் மேல் புதிய விதி

புதிய தரவுத்தளத்தில் விதிகளோடு தொடங்குவது சுலபம். ஏற்கெனவே இருபது ஆண்டுத் தரவு கிடக்கும் இடத்தில் விதியைச் சேர்க்க முயன்றால், தரவுத்தளம் முதலில் இருக்கும் நிரைகள் அனைத்தையும் சோதிக்கும். ஒன்று மீறியிருந்தாலும் விதியையே ஏற்காது. இனி வரும் நிரைகளை மட்டும் சோதி, பழையவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வசதி போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் இருக்கிறது. ஒழுகும் கூரையின் கீழ் வாளி வைப்பதைப் போல அது உடனடி உதவி.

கூரையைச் செப்பனிட வேண்டுமானால் மீறல்களைப் பட்டியலிட வேண்டும். தொழிலாளர் அட்டவணையில் இல்லாத எண்ணைச் சுட்டும் பங்களிப்புகள் எவை? ஒரே அடையாள அட்டை எண்ணோடு இருக்கும் இரண்டு எண்கள் எவை? ஒருவர் விலகிய திகதிக்குப் பிறகும் அவர் பெயரில் விழுந்திருக்கும் பேர்கள் எவை? மூன்று கேள்விகளுக்கும் தரவுத்தளம் சில விநாடிகளில் விடை தந்துவிடும். 214இன் கீழ் இரண்டு பிறந்த திகதிகள் இருக்கின்றன என்று அது சொல்லும். எந்த மாதங்கள் பெரியம்மாவுடையவை, எவை மற்றவருடையவை என்று அதனால் சொல்ல முடியாது. அந்தப் பட்டியலை அச்சடித்துக்கொண்டு காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய், அந்த ஆண்டுகளில் எந்த நம்பர் மலையில் யார் பக்கத்தில் யார் தேயிலை நிரை பிடித்தார் என்று, அப்போது கூட நின்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.